சேற்றுக்குள் காற்றைச் சேமிக்கும் மீன்

கே.எல். சென்ட்ரலில் கம்யூட்டர் ஏறினால் கடைசி நிறுத்தம் கிள்ளான் துறைமுகம். ரயிலை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் படகுத்துறை. அங்கிருந்து படகு பிடித்தால் முக்கால் மணி நேரத்துக்குள் புலாவ் கெத்தாம். நண்டுத் தீவு என்று பொருள். நம்மவர்கள் பெரும்பாலும் அங்கே போவது சாப்பிடத்தான். வாடகைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சுவர் ஓவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு மாலைப் படகில் திரும்பிவிடுவார்கள். நான் கடந்த செமஸ்டர் விடுமுறையில் போனது அங்குள்ள வீடுகளுக்கு அடியில் இருக்கும் சேற்றைப் பார்ப்பதற்காக.

அந்த ஊரே கம்பங்களின்மேல் நிற்கிறது. கடல் ஏறும்போது வீடுகளுக்கு அடியில் தண்ணீர். இறங்கிவிட்டால் வழவழவென்று பழுப்புச் சேறு. நாங்கள் போன நேரம் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. உடன் வந்த சித்தி மகன் படிவம் மூன்று படிக்கிறான். நடைபாதைக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தவன், "அக்கா, தவளை! நிறையத் தவளை!" என்று கத்தினான்.

தவளை இல்லை, மீன் என்றேன். அவன் நம்பவில்லை. மீன் என்றால் தண்ணீரில்தானே இருக்க வேண்டும்? சேற்றின்மேல் உட்கார்ந்து, தலையைத் தூக்கி, நம்மையே முறைத்துப் பார்க்கும் ஒன்றை எப்படி மீன் என்பது? நியாயமான கேள்வி. எஸ்.பி.எம். உயிரியல் படித்து முடித்த எனக்கே முதலாண்டில் களப்பயிற்சிக்குப் போகும்வரை இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் உயிரினத்தைப் பார்ப்பதற்குள் எனக்குப் பத்தொன்பது வயது ஆகிவிட்டது.

மலாயில் இதற்கு இக்கான் பெலாச்சாக் என்று பெயர். தெம்பாக்குல் என்றும் சொல்வார்கள். தமிழில் என்ன சொல்வது என்று அம்மாவின் அப்பாவிடம் கேட்டேன். தாத்தா கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை பார்த்தவர். "சேத்து மீனும்பாங்க. அதுக்கு வேற என்னம்மா பேரு வெப்பாங்க, யாரும் சாப்பிடுறது இல்லியே" என்றார். தமிழ்நாட்டில் இதன் உறவுக்கார மீன்களை உளுவை என்பார்கள். கடலிலும் ஆற்றிலும் கழிமுகத்திலும் தரையை ஒட்டிக் கிடக்கும் சின்னச் சின்ன மீன்களின் குடும்பம் அது. உலகின் மிகப் பெரிய மீன் குடும்பங்களில் ஒன்று. பெரும்பாலான உளுவைகளுக்கு வயிற்றடித் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து ஒட்டுக்கிண்ணம் போலாகிவிட்டன. ஒரு கல்லையோ வேரையோ பற்றிக்கொண்டு அடித்தரையிலேயே காலம் தள்ளும்.

பெலாச்சாக்கும் அப்படி அடித்தரையில் வாழும் மீன்தான். அதன் அடித்தரை ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுகிறது. கிள்ளான் கடலோரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மட்டம் நாலு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். ஒரு மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மீன்கள் தண்ணீரோடு பின்வாங்கிப் போய்விடும். இது போவதில்லை.

கண்ணும் துடுப்பும் மூச்சும்

முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். உச்சந்தலையில் இரண்டு உருண்டைகளாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். இந்த மீன் வகைகள் சிலவற்றின் அறிவியல் பெயரான பெரியோஃப்தால்மஸ் என்பதிலேயே சுற்றுமுற்றும் பார்க்கும் கண் என்ற பொருள் இருக்கிறது. இந்தக் கண்ணை அது சிமிட்டும். மீன் கண் சிமிட்டுமா? பொதுவாகச் சிமிட்டாது. பெலாச்சாக்குக்கு இமையும் கிடையாது. கண்ணையே கீழே உள்ள தோல் குழிக்குள் இழுத்து, நனைத்து, மறுபடியும் மேலே விடுகிறது. 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கூர்ந்து பார்த்து எழுதினார்கள். கண்ணை ஈரமாக வைக்க, தூசியைத் துடைக்க, அடிபடாமல் காக்க என்று நாம் எதற்கெல்லாம் கண் சிமிட்டுகிறோமோ அதற்கெல்லாம் இதுவும் சிமிட்டுகிறது. கண்ணீர்ச் சுரப்பி இல்லாமலேயே.

அடுத்தது நடை. முன் துடுப்புகள் இரண்டையும் ஒரே நேரத்தில் முன்னால் ஊன்றி உடம்பை இழுத்துக்கொள்ளும். ஊன்றுகோல் வைத்து நடப்பவரைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. அவசரமென்றால் வாலை வளைத்து ஓர் அடி அடித்துத் தாவிவிடும். 2016இல் ஓர் ஆய்வுக் குழு ஆப்பிரிக்க வகை ஒன்றைப் படம்பிடித்து, அதைப் போலவே ஒரு சிறு ரோபோவும் செய்து, சரிவான மணலில் ஏறவிட்டுப் பார்த்தது. தரை சரிவாக இருக்கும்போது வால் எவ்வளவு உதவுகிறது என்பதை அந்த ரோபோ காட்டிக்கொடுத்தது. முதுகெலும்புள்ள விலங்குகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாகக் கரையேறியது எப்படி என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஒன்று மட்டும் தெளிவு: பெலாச்சாக் நம் முன்னோர் வகையைச் சேர்ந்தது இல்லை. அது தனியாக, பிற்காலத்தில், தன் வழியில் கரையேறிய மீன்.

மூச்சு விடுவதுதான் பெரிய கதை. நாம் நுரையீரலில் செய்வதை அது தோலிலும் வாயின் உட்புறத்திலும் செய்கிறது. தோல் ஈரமாக இருக்கும்வரை காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் வழியாக இரத்தத்துக்குப் போகும். அதனால்தான் வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, பக்கத்துச் சேற்றுக் குட்டையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து புரண்டு எழுகிறது. நம் கரையோரங்களில் உள்ள வகைகளில் ஆகப் பெரியது பெரியோஃப்தால்மொடோன் ஷ்லாஸெரி. ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வளரும். (பெயரைச் சரியாகச் சொல்லப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. இனி பெரிய பெலாச்சாக் என்றே சொல்கிறேன்.) இதன் செவுள் மடிப்புகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். காற்றில் தொய்ந்து ஒட்டிப்போகாமல் இருக்க அது வசதி. தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்க அவ்வளவு வசதி இல்லை. காற்று கொஞ்சமும் கிடைக்காமல் தண்ணீருக்குள் அடைத்து வைத்தால் இந்த மீன் திணறிவிடும்.

வளைக்குள் என்ன நடக்கிறது?

இங்கேதான் ஒரு சிக்கல். இவ்வளவு தூரம் காற்றுக்குப் பழகிவிட்ட மீன், கடல் ஏறும்போது என்ன செய்யும்? பெரிய பெலாச்சாக் தன் வளைக்குள் போகிறது. சேற்றில் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டிய வளை அது. வாயாலேயே தோண்டும். ஒரு வாய் சேறு எடுத்து வந்து, வெளியே துப்பிவிட்டு, மறுபடி உள்ளே போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கு மூச்சு வாங்கும்.

ஆனால் வளைக்குள் இருக்கும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அலையாத்திக் காட்டுச் சேற்றைக் கொஞ்சம் கிளறினாலே அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. உதிர்ந்த இலைகளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை முழுக்கத் தீர்த்துவிட்டு, அது இல்லாமலேயே வேலையைத் தொடர்வதன் அடையாளம் அந்த நாற்றம். மேலே கடல் தண்ணீர், உள்ளே ஆக்சிஜன் இல்லாத தண்ணீர். அப்படியானால் உள்ளே போன மீன் மணிக்கணக்கில் எப்படிப் பிழைக்கிறது?

விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. ஜப்பானிய ஆய்வாளர் அட்சுஷி இஷிமாட்சுவும் அவரது குழுவினரும், இங்குள்ள ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, பினாங்குச் சேற்றில் பெரிய பெலாச்சாக்கின் வளைகளை ஆராய்ந்தார்கள். வளைக்குள்ளிருந்து அவர்கள் எடுத்தது தண்ணீர் மட்டுமில்லை, காற்றும் வந்தது. மீன் வெளியே வந்து கன்னம் உப்ப ஒரு வாய் காற்றை நிரப்பிக்கொள்கிறது. வளைக்குள் போய், கூரை வளைந்திருக்கும் இடத்தில் அதை விடுகிறது. திரும்பி வந்து இன்னொரு வாய். கடல் ஏறுவதற்குள் வளையின் மேல் அறையில் காற்றுக் குமிழ் ஒன்று தேங்கிவிடுகிறது. 1998இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. இரண்டே பக்கக் கட்டுரை. நம் பினாங்குச் சேறு உலகின் மிகப் பெரிய அறிவியல் இதழ்களில் ஒன்றில் இடம்பெற்ற கதையைப் பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால், உயிரியல் வகுப்பில் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

அந்தக் காற்று பெரிய மீனுக்கு மட்டும் இல்லை. முட்டைகளை இது வளையின் கூரையில்தான் ஒட்டிவைக்கிறது. ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் முட்டை பிழைக்காது. காற்றறைக்குள் பிழைக்கும். ஜப்பானில் வாழும் இன்னொரு வகையை இதே இஷிமாட்சு குழு கவனித்து 2007இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடல் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆண் மீன் வாய் வாயாகக் காற்றைக் கொண்டுவந்து முட்டை அறையை நிரப்புகிறது. குஞ்சுகள் பொரிக்கத் தயாரானதும், ஓர் இரவு கடல் ஏறும் நேரத்தில், அதே தகப்பன் அதே காற்றை வாய் வாயாக வெளியே எடுத்துவிடுகிறது. அறைக்குள் தண்ணீர் ஏறுகிறது. தண்ணீர் பட்டதும் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் கடலுக்குள் போகின்றன. சரியான நாளை அது எப்படிக் கணக்கு வைக்கிறது?

புலாவ் கெத்தாமில் ஒரு வளையை நானும் சித்தி மகனும் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றோம். கன்னம் உப்பிய ஒரு தலை உள்ளே போனது. வெளியே வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. அவன் தவளை என்று சொல்வதை நிறுத்திவிட்டு, எத்தனை வாய் என்று எண்ண ஆரம்பித்தான்.

ஆளுக்கொரு வரிசை

சேறு என்றாலே எல்லாம் ஒன்று போலத்தான் நமக்குத் தெரியும். பெலாச்சாக்குக்கு அப்படித் தெரியாது. தோட்டத்து லயன் வீடுகளில் எந்த வரிசையில் யார் குடியிருந்தார்கள் என்று பாட்டிமார்கள் இன்றைக்கும் சொல்வார்கள் இல்லையா? இங்கேயும் அப்படி வரிசைகள் உண்டு.

கடலை ஒட்டிய திறந்த சேற்றில் நீலப்புள்ளிப் பெலாச்சாக். அறிவியல் பெயர் போலியோஃப்தால்மஸ் போடார்ட்டி. உடம்பில் மினுமினுக்கும் நீலப் பொட்டுகள். இது வேட்டையாடுவதில்லை. சேற்றின் மேல் பச்சையும் பழுப்புமாகப் படரும் டயட்டம் என்ற நுண்பாசியை, தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி வழித்துத் தின்னும். மாடு புல் மேய்வது போலத்தான். தன் மேய்ச்சல் நிலத்துக்குள் இன்னொன்று வந்தால் முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போகும். குவைத் கடற்கரையில் இதன் உறவுக்கார மீன் ஒன்று, நிலத்தைச் சுற்றிச் சேற்றாலேயே சின்ன மதில் கட்டிக்கொள்கிறது.

கொஞ்சம் மேலே, முதல் அலையாத்தி மரங்கள் நிற்கும் விளிம்பிலும் ஓடைக் கரைகளிலும் பெரிய பெலாச்சாக். நண்டு கிடைத்தால் விடாது. பொன்புள்ளி போட்ட ஒரு சின்ன வகை தண்ணீரின் விளிம்பைக் கூட்டமாகத் தொடர்ந்து போகும்; கடல் ஏறினால் வேர்களிலும் கம்பங்களிலும் வயிற்றடிக் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும். புலாவ் கெத்தாம் வீட்டுக் கம்பங்களில் தொற்றிக்கொண்டிருந்தவை இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். காட்டுக்குள் இன்னும் உள்ளே போனால் வேறு சின்ன வகைகள். ஆற்றில் மேலேறிப் போனால் இன்னொன்று.

கிள்ளான் துறைமுகத்தின் அலையாத்திக் கரையில் எந்த உயிர் எந்த உயரத்தில் வாழ்கிறது என்பதை முறையாகப் பதிவு செய்தவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ. சசிகுமார். அந்தக் கட்டுரை 1974இல் வந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் இந்தத் துறையில் நுழையும் மாணவர்களுக்கு அதைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். 2009இல் இத்தாலிய ஆய்வாளர் ஜியான்லூக்கா போல்கார், தீபகற்ப மலேசியாவின் ஏழு வகைப் பெலாச்சாக்குகளின் வாழிடங்களை அளந்து பிரித்துக் காட்டினார். எந்தெந்த வகைகள் ஓரிடத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் அந்த அலையாத்திக் காட்டின் நிலைமையைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய இன்னொரு கருத்து. ஒரு வரிசை காலியானால் அந்த வரிசையில் ஏதோ தவறு என்று பொருள்.

இதே சசிகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிலாங்கூர் அலையாத்தி ஓடைகளில் வலை போட்டு 119 வகை மீன்களையும் 9 வகை இறால்களையும் பதிவு செய்து 1992இல் வெளியிட்டார்கள். கடலில் பிடிபட்டு நம் சந்தைக்கு வரும் மீனிலும் இறாலிலும் பல, சின்ன வயதை இந்த ஓடைகளில் கழித்தவை. பெலாச்சாக் சந்தைக்கு வருவதில்லை. ஜப்பானிலும் தைவானிலும் இதன் உறவுக்கார மீனைப் பிடித்தும் வளர்த்தும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் யாரும் சீண்டுவதில்லை. மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானுக்குப் படகு கட்டணம் கொடுத்துப் போகிறோம். பெலாச்சாக்கைப் பார்க்க இதுவரை யாரும் டிக்கெட் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் மொழிக்கு இந்த நிலம் அந்நியமும் இல்லை. நெய்தல் திணையில் வரும் கழியும் கண்டலும் இதே மாதிரிச் சேறும் இதே மாதிரி மரங்களும்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரம் ஓர் அலையாத்திக் காட்டு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதே மரம் சிலாங்கூரிலும் வளர்கிறது. மலாயில் அதற்குப் பெபுத்தா என்று பெயர். புத்தா என்றால் குருடு. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் காடும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இருக்கின்றன. நீலப்புள்ளிப் பெலாச்சாக் அந்தக் கரையிலும் மேய்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் சாக்கடையிலிருந்து

பிரிக்பீல்ட்ஸில் படிக்கும், வேலை செய்யும் பலருக்கு இந்த மீன் வெகு தூரத்து விஷயமாகத் தோன்றலாம். கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸை உரசிக்கொண்டுதான் ஓடுகிறது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடி, கோலாலம்பூரையும் ஷா ஆலாமையும் கிள்ளானையும் தாண்டிக் கடலில் கலக்கும் இடம்தான் பெலாச்சாக்கின் ஊர். தீபாவளிச் சந்தை முடிந்த இரவில் மழை பெய்தால், சாலையோரச் சாக்கடையில் மிதக்கும் தே ஆயிஸ் பிளாஸ்டிக் பைக்குப் போக வேறு இடம் இல்லை. 2019இல் நெதர்லாந்தின் ஓஷன் கிளீனப் அமைப்பு ஆற்றுக் குப்பையை அள்ளும் தானியங்கி மிதவையை அறிமுகப்படுத்தியபோது, உலகிலேயே முதலில் நிறுத்தப்பட்டவற்றில் ஒன்று கிள்ளான் ஆற்றில்தான் இருந்தது. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

ஆனால் குப்பையைக்கூட அள்ளிவிடலாம். எனக்குப் பெரிய பயம் வேறு.

முதலாண்டில் எங்கள் வகுப்பு களப்பயிற்சிக்குப் போனது கிள்ளானுக்கு அருகே ஒரு சின்னச் சேற்றுக் கரை. பெயர் சொல்ல வேண்டாம். நான் முதன்முதலாக நீலப்புள்ளிப் பெலாச்சாக்கைப் பார்த்தது அங்கேதான். இரண்டாமாண்டில் அதே இடத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் இறங்கினோம். செம்மண் கொட்டி மேடாக்கிக் கருங்கல் அடுக்கியிருந்தார்கள். விரிவுரையாளர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வாங்க, வேற இடம் பாப்போம்" என்றார். தாவிப் போக வாலும், நடக்கத் துடுப்பும், காற்றில் மூச்சுவிடத் தோலும் இருக்கும் மீன்தான். மண்மேட்டுக்கு மேல் அதற்கு எதுவும் உதவாது. ஈரச் சேறு வேண்டும், வளை தோண்ட வேண்டும், கடல் வந்து போக வேண்டும்.

சிலாங்கூர் கரையோரத்தில் பெரும் பகுதிக்குப் பின்னால் மண்கரை ஓடுகிறது. தோட்டங்களையும் வயல்களையும் கடல் நீரிலிருந்து காக்கக் கட்டியவை. கேரித் தீவில் செம்பனைத் தோட்டம் நிற்பதே அப்படிப்பட்ட கரைகளின் தயவில்தான். அவற்றுக்கு வெளியே எஞ்சியிருக்கும் பட்டையில்தான் அலையாத்தியும் சேறும். கடல் மட்டம் மெல்ல உயர்ந்தால், இயற்கையில் இந்த வரிசைகள் எல்லாம் மெல்ல நிலத்துப் பக்கம் நகர்ந்துகொள்ளும். கீழ் வரிசை நடு வரிசையின் இடத்துக்கு, நடு வரிசை மேல் வரிசையின் இடத்துக்கு. பின்னால் கரை கட்டியிருந்தால் நகர முடியாது. முன்னால் கடல், பின்னால் கல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சேறு ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. எந்த இயந்திரமும் வந்து எதையும் அழிக்க வேண்டியதில்லை, தானாகவே ஒடுங்கிவிடும். செய்தியில் வரும் அளவுக்கு ஒரு நாளும் ஒன்றும் நடக்காது என்பதுதான் இதில் பயமே.

இதைச் சொல்லும்போது நான் துறைமுகத்தைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் 1901இல் திறக்கப்பட்ட போர்ட் ஸ்வெட்டன்ஹம், 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறி, 1990களில் புலாவ் இண்டாவுக்கும் பரவியது. அந்தத் துறைமுகக் கூலியில்தான் தாத்தா நாலு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் என் அம்மா. கேரித் தீவில் புதிய துறைமுகம் கட்டும் யோசனை சில ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அங்கே மா மெரி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். நம்மவர்களும் தலைமுறைகளாகத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அது வந்தால் வேலையும் வரும். நான் கேட்பது ஒன்றுதான்: திட்டம் போடும் மேசையில் சேற்றைக் காலி நிலம் என்று எழுதாதீர்கள். எந்த வரிசையில் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் 1974இலிருந்தே கையில் இருக்கிறது.

நீங்கள் பார்க்க விரும்பினால், படகு ஏறத் தேவையில்லாத இடம் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. 1987இலிருந்து மலேசிய இயற்கைக் கழகம் பார்த்துவருகிறது. அலையாத்திக்குள் பலகைப் பாதை உண்டு. கடல் எப்போது வற்றுகிறது என்று அன்றைய நீர் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏறிய நேரத்தில் போனால் மரமும் தண்ணீரும்தான் மிஞ்சும். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்காதீர்கள். உங்கள் கால் ஒரு முறை அழுந்தினால் ஒரு வளையின் கூரை போய்விடும், செருப்பும் போய்விடும். பாதையில் அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் போதும், நீங்கள் வந்ததும் ஓடி ஒளிந்தவை ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்.

போன மாதம் தாத்தாவைத் தஞ்சோங் ஹராப்பானுக்கு அழைத்துப் போனேன். கல் தடுப்பில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள், தூரத்தில் கப்பல்கள். தாத்தாவுக்கு முழங்கால் வலி. தடுப்புச் சுவரில் கை வைத்து நின்றபடி, பாரந்தூக்கிகள் நிற்கும் பக்கத்தைக் காட்டினார். "அங்கல்லாம் சேறுதாம்மா. நான் சின்னப் பையனா இருக்கப்ப எங்கப்பாவோட நண்டு பிடிக்கப் போவேன். கால் முட்டி வரைக்கும் போயிரும்."

"சேத்து மீன் இருந்துச்சா தாத்தா?"

"எங்க பாத்தாலும் அதானே. கல்ல விட்டு எறிவோம். ஒண்ணும் மாட்டாது." சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

தண்ணீர் வற்றிக் கல் தடுப்புக்கு வெளியே ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்குச் சேறு தெரிந்தது. நான் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா என் தோளைத் தொட்டார். ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குப் பக்கத்தில், தலையைத் தூக்கிக்கொண்டு ஒன்று. கண்ணை உள்ளே இழுத்து வெளியே விட்டது. கன்னம் உப்பியிருந்தது. கடல் திரும்பி ஏற இன்னும் நேரமிருந்தது. அதற்குள் அது நான்கு முறை வளைக்குள் போய் வந்தது.